கேள்வியும் பதிலும்: டூவே யான்சனின் தீவுகள்

சென்ற இதழில், தொலைதூர நிலங்கள் குழந்தை இலக்கியத்துக்கு என்ன கொடுத்திருக்கின்றன என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு விடையளிக்கும்போது, மூமின் கதைகளை எழுதிய பின்லாந்துப் பெண்மணி டூவே யான்சனைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி போதாது என்று பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவரைப் பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அவரைப் பின்லாந்து எழுத்தாளர் என்கிறீர்கள். ஆனால் அவர் ஸ்வீடிஷ் மொழியில் எழுதியதாகப் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. பின்லாந்தில் பின்னிஷ், ஸ்வீடிஷ் ஆகிய இரண்டும் தேசிய மொழிகள். ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிறுபான்மையினர். அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலமாகக் கடற்கரைகளிலும் கரையை ஒட்டிய தீவுகளிலும் வாழ்ந்து வருபவர்கள். டூவே 1914 ஆகஸ்ட் 9 அன்று ஹெல்சிங்கியில் பிறந்தார். தந்தை விக்டர் யான்சன் சிற்பி. தாய் சிக்னே ஹம்மர்ஸ்டேன் ஸ்வீடனிலிருந்து வந்த ஓவியர். பின்லாந்தின் அஞ்சல்தலைகள் பலவற்றை வரைந்தவர். வீடே சிற்பக்கூடமாகவும் ஓவியக்கூடமாகவும் இருந்ததால், டூவே எழுதத் தொடங்குவதற்கு முன்பே வரையத் தொடங்கிவிட்டார். கடைசிவரை தம்மை முதலில் ஓவியராகவே கருதினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பெயரைப் பலர் 'டோவ் ஜான்சன்' என்று எழுதுகிறார்கள். ஸ்வீடிஷ் ஒலிப்புக்கு 'டூவே யான்சன்' என்பதே நெருக்கமானது.

கேள்வி: மூமின் என்ற உருண்டையான, வெண்மையான உயிரினம் அவருக்கு எப்படித் தோன்றியது? குழந்தைகளை மகிழ்விக்கப் படைக்கப்பட்டதா?

தொடக்கத்தில் அது அச்சுறுத்தும் ஓர் உருவம். படிப்புக்காக ஸ்டாக்ஹோமில் மாமா வீட்டில் தங்கியிருந்த இளம் டூவே, இரவில் சமையலறைக்குள் நுழைந்து தின்பண்டம் எடுத்துத் தின்பாராம். அடுப்புக்குப் பின்னால் மூமின் பூதம் ஒன்று இருக்கிறது, அது வந்து பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சை ஊதும் என்று சொல்லி மாமா அவரைத் தடுக்கப் பார்த்தார். பெயர் அங்கிருந்து வந்தது. 'கார்ம்' என்ற அங்கத இதழுக்கு டூவே பதினைந்து வயதிலேயே வரையத் தொடங்கினார். இட்லரைப் பிடிவாதம் பிடித்து அழும் குழந்தையாக வரையும் துணிவு அவருக்கு 1938இலேயே இருந்தது. அந்த இதழில் தம் கையெழுத்துக்கு அருகே நீண்ட மூக்குள்ள ஒரு சிற்றுருவத்தை அவர் வரைந்து வந்தார். உருவம் அவ்வாறு வளர்ந்தது.

கதை பிறந்தது போரில். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியது; முதல் நாளே ஹெல்சிங்கியின் மீது குண்டுகள் விழுந்தன. அந்தக் குளிர்காலத்தில் ஓவியம் வரைவதே பொருளற்றதாகத் தோன்றியதாகவும், 'முன்னொரு காலத்தில்' என்று தொடங்கும் எதையாவது எழுதத் தவித்ததாகவும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவ்வாறு தொடங்கிப் பாதியில் நின்ற கதை 1945இல் சிறு நூலாக வெளிவந்தது. காணாமற்போன தந்தையைத் தேடி ஒரு தாயும் மகனும் இருண்ட காட்டினூடே நடக்கிறார்கள். பிறகு பெருவெள்ளம் வருகிறது. எல்லாம் அடித்துச் செல்லப்பட்ட பிறகு ஒரு வீடு கிடைக்கிறது. எல்லை மாறியதால், பறிபோன கரேலியாப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 4 லட்சம் பேர் வீடிழந்து வந்திருந்த நாட்டில், அந்தக் கதை எவருக்கும் விளக்கிச் சொல்லப்பட வேண்டியதாக இருந்திருக்காது. ஆயினும் அந்நூல் அப்போது கவனிக்கப்படவில்லை. 1948இல் வெளிவந்த மூன்றாம் நூலே அவரைப் பிறநாடுகளுக்குக் கொண்டு சென்றது.

கேள்வி: இயற்கை வருணனை நிறைந்த எழுத்து என்று அவரைப் புகழ்கிறார்கள். குழந்தைகள் வருணனையைத் தாண்டிக் கதைக்குப் போகவே விரும்புவார்கள். நிலம் அவர் கதைகளில் அலங்காரம்தானே?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன். நம் இலக்கண மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கும் பறவையும் தொழிலும் அதற்குப் பின் வரும் கருப்பொருள். மனித உணர்வாகிய உரிப்பொருள் அந்த நிலத்தில் நிலைகொள்வது. டூவேயை வாசிக்கத் தமிழ் வாசகருக்கு இதைவிடச் சிறந்த திறவுகோல் இல்லை என்பது என் கருத்து. அவர் கதைகளில் நிலத்தை எடுத்துவிட்டால் கதை எஞ்சாது. வருணனை என்று தனியாகப் பிரித்துக் காட்டத்தக்க பத்திகளும் அவரிடம் குறைவு. ஏனெனில் காற்றும் நீர்மட்டமும் பனியும்தான் அங்கே நிகழ்ச்சிகளை நடத்துகின்றன.

அந்த நிலம் எத்தகையது என்று பாருங்கள். ஹெல்சிங்கிக்குக் கிழக்கே, போர்வோ நகருக்குத் தெற்கே, பின்லாந்து வளைகுடாவில் பெல்லிங்கே என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. யான்சன் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் அங்கே சென்று தங்கியது. பனியூழிக்காலத்துப் பனிப்பாளம் தேய்த்து வழவழப்பாக்கிய கருங்கற் பாறைகள். உட்பக்கத் தீவுகளில் காடு. கடலை நோக்கிச் செல்லச் செல்ல மரங்கள் குறைந்து, இறுதியில் அலைகளுக்கு நடுவே வெறும் பாறை மட்டும். வளைகுடாவின் சராசரி ஆழம் 40 மீட்டருக்கும் குறைவு. உப்பும் குறைவு. நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதம் அங்கே இல்லையென்றே சொல்லலாம். ஆனால் காற்றும் காற்றழுத்தமும் மாறும்போது நீர்மட்டம் முன்னறிவிப்பின்றி உயரும் அல்லது வடியும். குளிர்காலத்தில் அதே கடல் உறைந்து நடக்கும் தரையாகிவிடும். பனிப்பாளத்தின் சுமை நீங்கியதால் நிலமே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலெழுந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு நிலையற்ற ஓர் இடத்தில் கோடைதோறும் வளர்ந்த குழந்தைக்கு, கடல் ஒருநாள் வற்றிப் போகும் என்று கற்பனை செய்வது கடினமாக இருந்திராது. 1946இல் வெளிவந்த நூலில் வால்மீன் ஒன்று பூமியை நெருங்க, வெப்பத்தால் கடல் வற்றிவிடுகிறது. வீட்டை அடைய வேண்டிய மூமின்குட்டியும் நண்பர்களும் பொய்க்கால் கட்டிக்கொண்டு கடலடியைக் கடக்கிறார்கள். இரோசிமாவுக்கு மறு ஆண்டு வந்த இந்தக் கதையில் அணுகுண்டின் அச்சத்தைப் பலர் கண்டிருக்கிறார்கள். அது பொருத்தமான வாசிப்பே. ஆனால் நீர் விலகிய பாறையையும் அதில் ஒட்டிய பாசியையும் ஆயிரம் முறை பார்த்த கண்ணால் மட்டுமே அந்தக் கடலடியை எழுத முடியும் என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இன்னொரு நிலமும் அவரிடம் உண்டு. தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள ப்ளீடோ தீவில், புல்வெளி சூழ்ந்த வீட்டில் கோடையைக் கழித்தார்கள். பூக்களும் ஓடையும் கொண்ட மூமின் பள்ளத்தாக்கு பெரிதும் அங்கிருந்து வந்தது. ஆகவே பள்ளத்தாக்கு தாயின் நிலம், புயல்தீவு தந்தையின் நிலம் என்று நான் பிரித்துப் பார்ப்பதுண்டு. விக்டர் புயலை நேசித்தவர். அன்றாட வாழ்வில் இறுக்கமாக இருக்கும் அவர், காற்று வலுத்துவிட்டால் உற்சாகம் கொண்டு குடும்பத்தைக் கடலுக்கு அழைத்துப் போவார். மூமின் அப்பா அவரிடமிருந்து எடுத்த பாத்திரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1965இல் வெளிவந்த நூலில் மூமின் அப்பா, பாதுகாப்பு மிகுந்த பள்ளத்தாக்கில் தமக்கு வேலையே இல்லை என்று மனம் வாடி, குடும்பத்தோடு ஓர் ஒற்றைத் தீவுக்குக் குடிபெயர்கிறார். கலங்கரை விளக்கம் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. அவர் கடலின் போக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, அதன் விதியைக் கண்டுபிடிக்க முயல்கிறார்; விதி அகப்படுவதில்லை. அம்மாவோ பிரிந்து வந்த தோட்டத்தைக் கலங்கரை விளக்கத்தின் உட்சுவரில் வரைந்து, ஒருநாள் அந்த ஓவியத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறார். பிரிவின் துயரம் அந்தக் கடற்கரையில் எவ்வளவு அமைதியாக வெளிப்படுகிறது! நெய்தலின் இரங்கலை அறிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் தேவையில்லை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. குளிர்காலக் கதையை வகுப்பில் படித்தபோது அணில் இறக்கும் இடத்தில் ஒரு குழந்தை அழுதுவிட்டது. இத்தனை இருள் குழந்தைகளுக்குத் தேவையா?

நீங்கள் குறிப்பிடுவது 1957இல் வந்த நூல். மூமின்கள் நவம்பரில் வயிறு நிறையப் பைன் ஊசியிலைகளைத் தின்றுவிட்டு ஏப்ரல் வரை துயில்பவர்கள். மூமின்குட்டி மட்டும் நடுவில் விழித்துக்கொள்கிறான். எவ்வளவு எழுப்பியும் அம்மா எழவில்லை. அவன் அறிந்த உலகம் முழுவதும் வெண்மையாகி, கடலும் வழியும் அடையாளம் தெரியாமல் போயிருக்கின்றன. நண்பன் ஸ்னஃப்கினோ இலையுதிர்காலத்திலேயே தெற்கே போய்விட்டான். ஹெல்சிங்கியின் நீளமான இரவு நாட்களில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. எனவே டூவே எதையும் மிகைப்படுத்தவில்லை. தம் ஊரின் குளிர்காலத்தை அதை முதன்முறையாகப் பார்க்கும் ஒரு குழந்தையின் கண்ணால் எழுதினார்.

அணில் இறப்பது கடுங்குளிரின் தேவியின் அழகை நெருங்கிப் பார்த்ததால். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே அடிக்குறிப்பு ஒன்றை இட்டு, அழுகை வரும் வாசகர் பின்னால் வரும் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம் என்கிறார். அங்கே வசந்தம் வந்திருக்கிறது, ஓர் அணில் ஓடுகிறது. அதே அணிலா, வேறா என்று அவர் உறுதி சொல்வதில்லை. குழந்தையிடம் பொய்யும் சொல்லாமல், அதைத் தனியே தவிக்கவும் விடாமல் இருக்கும் வழியை இவ்வளவு சிறிய உத்தியால் கண்ட எழுத்தாளரை நான் வேறெங்கும் கண்டதில்லை. உங்கள் வகுப்புக் குழந்தைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஆறுதல் சொல்லும் வேலையை நூலாசிரியரே செய்து வைத்திருக்கிறார்.

இருளைப் பற்றிக் கேட்டதால் மோரனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பில் க்ரோக் என்று வருபவள் இவள்தான். அவள் உட்காரும் இடத்தில் தரை உறைந்துபோகும். வெளிச்சத்தைத் தேடி வருவாள், வந்து அமர்ந்தால் அதுவும் அணைந்துவிடும். அவளை எவரும் விரும்புவதில்லை. கலங்கரை விளக்கக் கதையில் மூமின்குட்டி இரவுதோறும் கடற்கரைக்கு மண்ணெண்ணெய் விளக்கொன்றை எடுத்துச் சென்று அவளுக்குக் காட்டுகிறான். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. விளக்கில்லாமல் வெறுங்கையோடு போகிறான். அவனைக் கண்டதற்காகவே அவள் ஆடுகிறாள். அவள் போன பிறகு மணலைத் தொட்டுப் பார்க்கிறான், அது உறைந்திருக்கவில்லை. அச்சம் எங்கிருந்து வருகிறது, அதை நெருங்கினால் என்ன ஆகும் என்பதை, அச்சமே இல்லாத கதையால் ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்ல முடியும்?

கேள்வி: அவர் உண்மையிலேயே ஆளில்லாத தீவில் வாழ்ந்தாரா? அங்கே எப்படி வாழ முடிந்தது?

ஆண்டு முழுவதும் அன்று; கோடைகளில் வாழ்ந்தார், அவையும் நீண்ட கோடைகள். சிறுமியாக இருக்கும்போதே கும்மல்ஷேர் என்ற வெளித்தீவில் கலங்கரை விளக்கக் காவலராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். அந்தத் தீவு அவருக்குக் கிடைக்கவில்லை. 1940களின் பிற்பகுதியில் தம்பி லார்ஸுடன் சேர்ந்து ப்ரேட்ஷேர் தீவில் ஒரு வீடு கட்டினார். புகழ் பெருகியபோது விருந்தினர்களும் பெருகினர். ஆகவே இன்னும் தள்ளிப் போக விரும்பினார். அவ்வாறு தேர்ந்ததுதான் க்ளோவ்ஹாரு.

சில நிமிடங்களில் சுற்றி வந்துவிடக்கூடிய பாறை அது. நடுவே பிளந்து, பிளவில் கடல்நீர் ஒரு குளம்போலத் தேங்கியிருக்கும். 1964 இலையுதிர்காலத்தில் அங்கே வீடு கட்டும் வேலை தொடங்கியது. அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், கூரை உத்தரம் ஏறிவிட்ட வீட்டைச் சட்டப்படி இடிக்க முடியாது என்று பிரன்ஸ்ட்ரோம் என்ற உள்ளூர் மனிதர் யோசனை சொன்னதாக டூவே தம் தீவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பெரும்பாறை ஒன்றை வெடிவைத்துத் தகர்த்து இடம் உண்டாக்கினார்கள். கடலிரைச்சலுக்கு நடுவே, வளைகுடாவின் காற்று அடங்கும் நாட்களை எண்ணி எண்ணி வேலை நடந்தது.

கட்டி முடித்தது ஒரே அறை. நான்கு திசைக்கு நான்கு சன்னல்கள். மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை. விறகு வெட்டுவது, வலை போடுவது, படகை ஒவ்வொரு புயலிலும் காப்பாற்றுவது ஆகியவையே அன்றாட வேலை. எழுத்தும் ஓவியமும் இவற்றுக்கு நடுவே நடந்தன. வீடு இருந்தும் டூவேயும் அவர் துணைவியாரும் கூடாரத்தில் உறங்குவதையே விரும்பினார்கள். அவர்களுடைய படகின் பெயர் விக்டோரியா. இருவரின் தந்தையர் பெயரும் விக்டர் என்பதால் இட்ட பெயர். தீவை ஓய்விடம் என்று எண்ணிக்கொண்டு அவர் நூல்களைப் படிப்பவர்கள் இந்த உடலுழைப்பைத் தவறவிடுகிறார்கள். அவர் பாத்திரங்கள் எப்போதும் எதையாவது செப்பனிட்டுக்கொண்டோ, சுமந்துகொண்டோ, ஒழுங்குபடுத்திக்கொண்டோ இருப்பதற்குக் காரணம், அவற்றை எழுதிய கைகளும் அவ்வாறே இருந்தன என்பதுதான்.

கேள்வி: அந்தத் துணைவியார் யார்?

டூலிக்கி பியெட்டிலா. 1917இல் பிறந்தவர், பின்லாந்தின் குறிப்பிடத்தக்க அச்சோவியக் கலைஞர்களில் ஒருவர். 1950களின் நடுப்பகுதியிலிருந்து, 2001இல் டூவே இறக்கும் வரை, இருவரும் வாழ்க்கைத் துணையாக இருந்தார்கள். ஒரே பாலினத்தவரின் உறவு பின்லாந்தில் 1971 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. ஹெல்சிங்கியில் இருவரின் பணிக்கூடங்களும் ஒரே கட்டடத் தொகுதியில் இருந்தன. பரண் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். தீவில் அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை.

குளிர்காலக் கதையில், விழித்துக்கொண்ட மூமின்குட்டிக்குப் பனியைப் பற்றிக் கற்பிக்கும் டூ-டிக்கி இவரே. கடற்கரைக் குளியல்வீட்டில் குடியிருக்கும் அவள் எதற்கும் பதறமாட்டாள். எல்லாமே நிச்சயமற்றது, அதுவே தனக்கு அமைதி தருகிறது என்பாள். குளிர்காலத்தைக் கண்டு அஞ்சிய ஒருவருக்கு அதை வாழக் கற்றுக்கொடுத்த மனிதருக்குச் செலுத்திய நன்றியாகவே அந்த நூலை நான் வாசிக்கிறேன்.

கேள்வி: படக்கதையால் பெரும் பணம் ஈட்டினார் என்கிறார்களே?

ஈட்டினார், விலையும் கொடுத்தார். லண்டனின் 'ஈவினிங் நியூஸ்' நாளிதழில் 1954இல் தொடங்கிய மூமின் படக்கதை பிறகு பல நாடுகளின் நாளிதழ்களில் வந்தது. ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் ஒரு பட்டை வரைய வேண்டியிருந்ததால் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் நேரமே இல்லாமல் போயிற்று. ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அவர் விலகினார்; லார்ஸ் 1975 வரை தொடர்ந்து வரைந்தார். 1966இல் டூவே ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பதக்கம் பெற்றார். உலகெங்கிலுமிருந்து குழந்தைகள் எழுதிய கடிதங்களுக்குத் தம் கையாலேயே மறுமொழி எழுதினார் என்பதை நான் அந்தப் பதக்கத்துக்கு மேலாக வைப்பேன்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. எந்த நூலில் தொடங்கலாம்?

மந்திரவாதியின் தொப்பி கிடைக்கும் 1948 நூலில். அதில் கோடை முழுமையாக இருக்கிறது. வால்மீன் கதையை அடுத்துக் கொடுங்கள். குளிர்காலக் கதையை ஒன்பது, பத்து வயதில், நீங்களும் உடனிருந்து படியுங்கள். கலங்கரை விளக்கக் கதையைப் பதின்வயது வரை ஒத்திவைக்கலாம். 1970இல் வந்த கடைசி மூமின் நாவலில் மூமின் குடும்பமே வருவதில்லை; அவர்களைத் தேடி வந்தவர்கள் வெறும் வீட்டில் நவம்பர் மழையில் காத்திருக்கிறார்கள். டூவேயின் தாய் இறந்த ஆண்டும் அதுவே. அதை நீங்கள் முதலில் படியுங்கள். ஒரு பாட்டியும் பேத்தியும் தீவில் கழிக்கும் கோடையைச் சொல்லும் 1972 நாவல் பெரியவர்களுக்கானது. அவர் எழுதியவற்றுள் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான்.

படங்களை விரைந்து கடக்க விடாதீர்கள். குளிர்காலக் கதையின் சில படங்களில் வெண்மை வரையப்பட்டதன்று; கறுப்பிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டது. பரந்த இருளின் ஓரத்தில் ஒரு சிறிய வெள்ளை உருவம் நிற்கும். அது எவ்வளவு சிறியது என்று மகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு நேசித்த தீவை ஏன் விட்டுவிட்டார்?

முதுமை. எழுபது வயதைக் கடந்த இரு பெண்கள் படகை இழுத்தேற்றவும் வழுக்கும் பாறையில் வலையைச் சுமக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் தீவுக் குறிப்புகளில் அவர் சொல்லும் காரணம் வேறு: கடைசிக் கோடையில் தமக்குக் கடலிடம் அச்சம் வந்துவிட்டது, பெரிய அலைகள் இப்போது சாகசத்துக்கு அழைக்கவில்லை, படகுக்கான கவலையை மட்டுமே தந்தன என்கிறார். அந்த அச்சத்தைக் கடலுக்குச் செய்த துரோகமாகவே உணர்ந்திருக்கிறார். 1990களின் தொடக்கத்தில் தீவை உள்ளூர் மரபுக் காப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். டூலிக்கியின் அச்சோவியங்களுடன் அந்தக் குறிப்புகள் 1996இல் நூலாயின.

விடைபெறும் நேரத்தில் நிலவறையில் பழைய காற்றாடி ஒன்று அகப்பட்டது. டூலிக்கி அதை வெளியே கொண்டுபோய் விட்டார். அது நேராக மேலெழுந்து, பின்லாந்து வளைகுடாவின் மீது வெகுதூரம் பறந்து போயிற்று.